ஆறுக்குப் பிறகு ஐந்து

மஞ்சக்குப்பம் மைதானத்தில் கொட்டகை.
திரைக்கு முன்னால் தரை, பெஞ்சு, நாற்காலி.
திரைக்குப் பின்னால்
நானும் ஆர்மோனியப் பெட்டியும், தபேலா ராயப்பனும்,
துணியை நனைக்க இரண்டு வாளித் தண்ணீரும்.
ஈரத்துணியில்தான் படம் பளிச்சென்று விழும் என்பது
தேசிங்கு நாயுடுவின் கட்சி.
ஊறிக் கசிவது எங்கள் பக்கம்.

எங்களுக்கு எல்லாமே இடவலம் மாறித்தான் தெரியும்.
துரை இடது கையால் சுடுவான்.
பாதிரியார் இடது கையால் ஆசி கொடுப்பார்,
ராயப்பன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முகம் சுளிப்பான்.
எழுத்தும் திரும்பித்தான் வரும்.
நேராக வந்தாலும் எனக்கு இங்கிலீசு தெரியாது.
முன்னால் நின்று கதை கத்துகிற செங்கல்வராயனுக்கு
அன்றைக்குக் காய்ச்சல்.

ஐப்பசி. கெடிலம் கரை தொட்டு ஓடியது.
படப்பெட்டி சாயங்காலப் பாசஞ்சரில் நனைந்து வந்தது.
சுருள் டப்பாக்களில் ஒட்டிய நம்பர் சீட்டெல்லாம் கூழ்.
அபுசாலி மோந்து பார்த்தே அடுக்கினான் என்று
பிற்பாடு சொன்னார்கள்.
நான் நம்பவில்லை.

அந்தப் பெண் ஜுரத்தில் செத்தாள்.
முகாரி வாசித்தேன். பெட்டியில் கமகம் வராது,
துருத்தியைப் பாதி மூச்சில் நிறுத்தி
வந்ததுபோல ஒரு ஏமாற்று வேலை செய்வேன்.
மூக்குறிஞ்சும் சத்தம் துணியைத் தாண்டி வந்தது.

ஒரே மெஷின். அடுத்த சுருள் ஏறும்வரை
இருட்டில் நாங்கள்தான் படம்.
பீடி நெருப்புகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தோம்.

வெளிச்சம் வந்தது.

செத்தவள்
கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

ராயப்பன் கை அந்தரத்தில் நின்றது.
என் விரல்கள் இன்னும் முகாரியில்.
இதற்கு என்ன வாசிப்பது?
ஆனந்தபைரவிக்குத் தாவினால் பொய்.
முகாரியிலேயே நின்றால்
இன்னொரு தடவை அவளைக் கொல்வது.
சட்ஜத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன்.
ஒரே கட்டை. துருத்தி போய்ப் போய் வந்தது.
அவள் உதறிய ஈரத்துணி
எங்கள் ஈரத்துணிக்குள் படபடத்தது.

விசில் வரும், மண்ணாங்கட்டி வரும் என்று
காலி வாளியைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டான் ராயப்பன்.
ஒன்றும் வரவில்லை.
அவள் திரும்பினாள்.
யாரையோ பார்த்துச் சிரித்தாள். கையாட்டினாள்.
கொட்டகையில் ஒரு குழந்தை மட்டும் இருமியது.

மறுநாள் காலையில் மாசிலாமணி வந்தான்,
திருப்பாப்புலியூர் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவன்.
ஆவணியில் காலரா அவன் வீட்டிலிருந்து
யாரைக் கொண்டுபோனதென்று எல்லோருக்கும் தெரியும்.
நாயுடுவிடம் ஒரு முழு ரூபாயை நீட்டினான்.
"இன்னிக்கும் அதேமாதிரி போடுங்க."
"அது தப்பாப் போட்டதுடா."
"ஆமாங்க. அதே தப்பு."

நாயுடு ரூபாயை வாங்கவில்லை என்று சொல்ல ஆசைதான்.
வாங்கிக்கொண்டார்.

அன்றிரவு அபுசாலி வேண்டுமென்றே தப்பினான்.
காய்ச்சல் விட்டு வந்த செங்கல்வராயன்
அந்த இடத்தில் வாய் திறக்கவில்லை.
எனக்குத்தான் சங்கடம்.
நேற்று கைதவறி விழுந்த சட்ஜத்தை
இன்று தெரிந்தே பிடிக்க வேண்டும்.
பிடித்தேன். அதே கட்டைதான்.
வேறு சுரமாக இருந்தது.

ஆட்டம் விட்டதும் பின்பக்கம் வந்தான்,
வாளியைச் சுற்றிக்கொண்டு, சேற்றில் கால் பார்த்து வைத்து.
காசு தருவான் என்று நினைத்தேன்.
"சோத்துக் கையைத்தானே ஆட்டினா?" என்றான்.

எங்களுக்குப் பீச்சாங்கை.
ராயப்பன் என்னைப் பார்த்தான்.
"ஆமாம்ப்பா" என்றேன்.
தலையாட்டிவிட்டுப் போனான்,
கணக்கு நேரானவன்போல.

மூன்றாம் நாள் பெட்டி விழுப்புரம் வண்டிக்குப் போனது.
ஸ்டேஷனில் ஏற்றியது அவன்தான்.
அபுசாலி புதுச் சீட்டு ஒட்டியிருந்தான்,
ஒன்றிலிருந்து ஆறு வரை, வரிசை பிசகாமல்.
கோந்து காயவில்லை.
மழையும் விடவில்லை.